மழைக்கு முன் ஒரு வாரம்: பங்குனி வெயிலில் வீட்டை நிரப்பும் முறை

பங்குனி பாதி கடந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் மதியம் படுப்பதில்லை. பர்மாவில் ரங்கூனை அடுத்து, சிரியம் என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் தன்லின் ஊருக்குத் தெற்கே, நெல்லும் உளுந்தும் விளையும் தாழ்ந்த நிலம் எங்களுடையது. கார்த்திகையில் நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்தையும் பாசிப்பயறையும் தெளித்து, மாசியில் அவற்றையும் களத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம். அதன்பிறகு வைகாசி மழை இறங்கும்வரை நிலத்துக்கு ஓய்வு, வீட்டுக்கு வேலை. ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர் விழாவும் சித்திரைப் பிறப்பும் ஒன்றாக வந்துவிடும். அப்போது ஒரு வாரத்துக்கு யாரையும் வேலைக்குக் கூப்பிட முடியாது. சித்திரைக் கடைசியில் மாலை இடி தொடங்கிவிடும். ஆகவே உச்ச வெயிலும் ஆள்பலமும் சேர்ந்து கிடைப்பது இந்த நாள்களில்தான். பள்ளி விடுமுறை என்பதால் காக்கை விரட்டப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ரங்கூனிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் முதல் வருடம் செய்யும் தவறு எனக்குத் தெரியும். ஆசை ஆசையாக எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். மூன்றாம் நாள் வடகம் ஒரு பக்கம் புளித்து, மாங்காய் ஒரு பக்கம் நீர்விட்டு, அடுப்பும் காலியில்லாமல் தவிக்கிறார்கள். இந்த வாரத்துக்கு ஒரு வரிசை உண்டு. அதிக நாள் காயவேண்டியதை முதலில் வெயிலுக்கு அனுப்பவேண்டும். ஒரு வேலையில் மிஞ்சுவது அடுத்த வேலைக்குள் போகவேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மழைக்காலம் முழுவதற்கும் தேவையானதை மூன்று பெண்களும் இரண்டு பிள்ளைகளும் ஏழு நாளில் முடித்துவிடலாம்.

அளவுகள் பற்றி ஒரு சொல். இந்த நாட்டில் இன்னும் வீசைக் கணக்குதான். தமிழ்நாட்டில் கிலோ வந்து துடைத்துவிட்ட நம் வீசை இங்கே சந்தையில் உயிரோடு இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி. இங்கே ஒரு வீசை 1.63 கிலோ. அதில் 100 கியாத்தா. அதாவது வீசைக்கு இத்தனை கியாத்தா உப்பு என்றால் அதுவே நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கும் ஆகிவிடுகிறது. ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது. அரிசிக்குக் கட்டிப்பால் வரும் தகர டப்பாதான் அளவு. 8 டப்பா சேர்ந்தால் பியி என்னும் ஒரு படி.

ஞாயிறு மாலை: கையில் இருக்கவேண்டியவை

வாரம் ஞாயிறு மாலையே தொடங்கிவிடுகிறது. நடுப் பர்மாவின் மிஞ்ஞான் பக்கத்திலிருந்து வரும் சிறிய சிவப்பு வெங்காயம் 2 வீசை, தோல் நீக்கிய உளுந்து 30 கியாத்தா, பூண்டு 20 கியாத்தா, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், விளக்கெண்ணெய் ஒரு சிறிய போத்தல், மோன் மாநிலக் கடற்கரை உப்பளங்களின் கல்லுப்பு 3 வீசை, பச்சரிசி ஒரு பியி, கடலை மாவு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. இவற்றில் உளுந்தும் மிளகாயும் கறிவேப்பிலையும் நம் வீட்டுடையவை, மற்றவை சந்தையிலிருந்து வருகின்றன. எல்லாவற்றையும் நாமே விளைவித்தால்தான் தற்சார்பு என்று நான் நினைப்பதில்லை. உப்பையும் வெங்காயத்தையும் அவற்றுக்கேற்ற மண்ணில் விளைவிப்பவர்களிடமிருந்து வாங்கி, நம்மிடம் விளைந்ததை நல்ல விலைக்கு விற்றால் போதும். ஙாப்பி என்னும் மீன் விழுதும் அப்படித்தான். கடற்கரைக்காரர்கள் மாதக்கணக்கில் உப்பும் வெயிலும் கொடுத்துப் பக்குவப்படுத்தும் அதை வீட்டில் செய்யப் போய் மீனை வீணாக்கவேண்டாம்.

காயவைக்கும் இடத்தை அன்றே கட்டிவிடுங்கள். தரையில் பாய் விரித்தால் கோழி மேயும், மண் ஏறும், கீழிருந்து ஈரமும் வரும். இடுப்பு உயரத்தில் நான்கு மூங்கில் கால்கள் நட்டு, மேலே பிளந்த மூங்கில் தட்டி பரப்புங்கள். காற்று அடியிலும் ஓடவேண்டும். வீட்டுக்குத் தெற்கே, மர நிழல் விழாத இடமாகப் பாருங்கள். ஒரு மூலையில் கருப்புக் குடையை விரித்துக் கட்டிவிட்டால் காக்கை முதல் இரண்டு நாள் நெருங்காது. மூன்றாம் நாள் அதற்கு விஷயம் புரிந்துவிடும். அதற்குத்தான் பிள்ளைகள்.

ஜாடிகளையும் கழுவிக் கவிழ்த்துவையுங்கள். நான் வைத்திருப்பவை மண்பாண்டத்துக்குப் பேர்போன துவாண்டே ஊரில் சுட்ட மெருகு ஜாடிகள், ஒன்று மட்டும் பாட்டி காலத்துப் பழையது. இந்த நாட்டின் தென்கிழக்குக் கரையில் உள்ள மொத்தமா என்னும் துறைமுகத்திலிருந்து அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக ஜாடிகள் போயின. அந்த ஊரைத்தான் வெள்ளைக்காரர்கள் மர்த்தபான் என்றார்கள். இந்தியில் ஊறுகாய் ஜாடிக்கே மர்த்தபான் என்று பெயர் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள். உப்பும் புளிப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே இருக்கும்.

திங்கள்: வெங்காய வடகம்

இந்த வாரத்தின் மூத்த பிள்ளை இதுதான். பத்து நாள் காயவேண்டும், ஆகவே முதல் நாளே போடவேண்டும்.

விடியும் முன் உளுந்தை ஊறவையுங்கள், இரண்டு மணி நேரம் போதும். அதற்குள் வெங்காயத்தின் தளர்ந்த மேல்தோலை மட்டும் கையால் உதிர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றாக உரிக்கத் தேவையில்லை. உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்சியில் போட்டால் கூழாகி நீர் முழுவதும் வெளியே வந்துவிடும், வடகம் உருண்டை பிடிக்காது. இடித்த வெங்காயத்தில் ஒவ்வொரு பல்லும் உடைந்திருக்கவேண்டும், ஆனால் உடைந்த துண்டு கண்ணுக்குத் தெரியவேண்டும். பூண்டைத் தோலோடு தட்டிச் சேருங்கள். உளுந்தைத் தண்ணீர் தெளிக்காமல் கொரகொரப்பாக ஆட்டுங்கள். கடுகு, சீரகம் தலா ஒரு கைப்பிடி, வெந்தயம் அதில் பாதி, மஞ்சள்தூள், கிள்ளிய கறிவேப்பிலை, 8 கியாத்தா உப்பு. எல்லாவற்றையும் பெரிய மண்பானையில் பிசைந்து, வாயைத் துணியால் கட்டி இரவு முழுவதும் விடுங்கள்.

செவ்வாய் காலை பானையைத் திறக்கும்போது வெங்காயம் நீர் விட்டு மிதந்துகொண்டிருக்கும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், வடகத்தின் மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கலவையைக் கையால் பிழிந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கித் தட்டியில் வையுங்கள். பிழிந்த நீரை அதே பானையில் மூடி வையுங்கள். மாலை வெயில் இறங்கியதும் உருண்டைகளை உள்ளே கொண்டுவந்து, உதிர்த்து, அந்த நீரிலேயே போட்டுப் பிசையுங்கள். மறுநாள் காலை மறுபடி உருண்டை. நீர் முழுவதும் உருண்டைக்குள் போய்ச் சேரும்வரை, பெரும்பாலும் நான்கு நாள், இப்படியே செய்யவேண்டும். அதன்பிறகு உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவி, கடைசி உருண்டையைச் சற்று இறுக்கமாகப் பிடித்து, உடைக்காமல் மேலும் ஆறு நாள் காயவிடுங்கள். விளக்கெண்ணெய் தடவினால் பூச்சி வராது, உருண்டையும் வெடிக்காது.

காய்ந்ததா என்பதை மேல்தோலைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஒரு வருடம் ஏழாம் நாளே கல்லாகிவிட்டது என்று நினைத்துப் பானையில் போட்டுவிட்டேன். ஆவணியில் திறந்தபோது உள்ளே வெள்ளைப் பூசணம் பஞ்சு போல நின்றது. இரண்டு வீசை வெங்காயமும் போயிற்று. இப்போது ஒவ்வொரு தட்டியிலும் மிகப் பெரிய உருண்டையை எடுத்து இரண்டாக உடைத்துப் பார்க்கிறேன். நடுவில் இருக்கும் வெங்காயத் துண்டு நகத்தால் கீறினால் பொடியவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்கு காய்ந்த உருண்டையைத் தட்டில் போட்டால் கூழாங்கல் விழும் சத்தம் கேட்கும். முதலில் இருந்த எடையில் கால்பங்கு அளவுதான் நிற்கும், அதைப் பார்த்து மனம் தளரவேண்டாம். ஒரு குழம்புக்கு ஓர் உருண்டையில் பாதி போதும்.

செவ்வாய், புதன்: கூழ்வடகம், அதன் நிழலில் கீரைப் புளிப்பு

கூழ்வடகம் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், ஆனால் முதல் நாள் வெயில் அதற்குக் கடுமையாக வேண்டும். ஆகவே திங்கள் காலையிலேயே 4 டப்பா பச்சரிசியைக் கழுவி ஊறவையுங்கள். முதல் கழுநீர் மாட்டுக்கு. இரண்டாவது கழுநீரை ஒரு பானையில் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. மாலையில் அரிசியை மைய ஆட்டி, இரவு புளிக்கவிடுங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும். இது கடினம்தான், ஆனால் கூழ் கிண்டி முடிக்கும்போது வெயில் தட்டிக்கு வந்திருக்கவேண்டும். பிற்பகல் ஊற்றிய வடகம் இரவுக்குள் தோல் பிடிக்காமல் புளித்து வாடை வந்துவிடும். ஒரு டப்பா அரிசிக்கு மொத்தம் ஆறு டப்பா தண்ணீர், மாவு ஆட்டிய நீரையும் சேர்த்துத்தான். தண்ணீரை அண்டாவில் கொதிக்கவிட்டு, இடித்த பச்சை மிளகாயும் சீரகமும் உப்பும் போட்டு, மாவைக் கம்பியாக ஊற்றிக்கொண்டே அகலத் துடுப்பால் கிண்டுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். கூழ் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். உப்பு, கஞ்சியாகக் குடிக்கும்போது குறைவாகத் தெரியவேண்டும். காயும்போது நீர் போய் உப்பு மட்டும் நிற்கும். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு.

பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து தட்டியில் விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். வெயிலுக்குப் போகும் முன் முகத்தில் தனக்கா மரப்பட்டையை இழைத்துப் பூசிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பர்மியப் பெண்கள் சொல்லிக்கொடுத்த இந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக விடவில்லை. மாலையில் வேட்டியைத் திருப்பிப்போட்டு, முதுகுப்பக்கம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டால், ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது சர்ரென்ற மெல்லிய ஓசையோடு வடகம் கழன்று வரும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும் அந்த அரைக் காய்ச்சல் வடகத்துக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டு கொடுங்கள், அது காக்கை விரட்டிய கூலி. மீதியை மேலும் இரண்டு நாள் தனியாகக் காயவைக்கவேண்டும். புதன்கிழமை இன்னொரு 4 டப்பா அரிசி, இதே முறை.

எடுத்துவைத்த கழுநீருக்கு இப்போது வேலை. இந்தப் பருவத்தில் கடுகுக்கீரை கடைசியாக வரும், தண்டு முற்றத் தொடங்கியிருக்கும். பர்மியர்கள் மொன்ஞின்ச்சின் என்று சொல்லும் கீரைப் புளிப்புக்கு அந்த முற்றிய தண்டுதான் நல்லது. முழுச் செடியாக ஒரு பகல் வெயிலில் வாட்டி, கழுவி, இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். ஒரு வீசைக் கீரைக்கு 3 கியாத்தா உப்புப் போட்டுப் பிசைந்து, ஒரு கைப்பிடி சோறும் மூழ்கும் அளவு கழுநீரும் சேர்த்து, ஜாடியில் அழுத்தி, மேலே கனமான கல் வையுங்கள். கீரை நீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. இந்த வெயிலுக்கு மூன்றாம் நாளே புளித்துவிடும். இது சேமிப்புப் பண்டம் அல்ல, இந்த வாரத்துக்கான சாப்பாடு. அடுப்பு முழுநாளும் அண்டாவுக்குப் போய்விடும் நாள்களில் சோறும் இந்தப் புளிப்பும் கொஞ்சம் வறுத்த நிலக்கடலையும் இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மோர் மிளகாயையும் செவ்வாயன்றே தொடங்கிவிடுங்கள். காம்பு நீக்காமல் நுனியைக் கீறி, உப்புக் கரைத்த புளித்த மோரில் இரவு, தட்டியில் பகல். மோர் வற்றும்வரை இப்படியே. வேறு சூட்சுமம் ஒன்றும் இதில் இல்லை.

புதன் மாலை: மாவடு

பங்குனியில் மாங்காய்க்குள் கொட்டை இன்னும் கெட்டியாகியிருக்காது. காற்றில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்காதீர்கள், அடிபட்ட காய் ஜாடி முழுவதையும் கெடுக்கும். காம்போடு பறித்து, கழுவி, துடைத்து, ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். ஒவ்வொரு காய்க்கும் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தடவவேண்டும். ஒரு வீசைக்கு 15 கியாத்தா கல்லுப்பு, 3 கியாத்தா கடுகுப்பொடி, 4 கியாத்தா மிளகாய்ப்பொடி, மஞ்சள். ஓர் அடுக்கு காய், ஓர் அடுக்கு பொடி என்று ஜாடியை நிரப்புங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றவேண்டாம், உப்பே காயிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பாதி ஜாடி வரை நீர் ஏறியிருக்கும். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிடுங்கள். உள்ளே கை விடாதீர்கள், ஈரக் கரண்டியும் விடாதீர்கள். பத்து நாளில் காய் சுருங்கி நீருக்குள் அமிழும்.

உப்பைக் குறைக்கச் சொல்லி இப்போது பலரும் சொல்கிறார்கள். உடம்புக்குக் குறைக்கவேண்டும் என்றால் தட்டில் ஒரு வடுவுக்குப் பதிலாக அரை வடு வைத்துக்கொள்ளுங்கள். ஜாடியில் குறைத்தால் வைகாசி மழையில் பூசணம் பிடிக்கும்.

வியாழன்: பயறும் புளியும்

இந்த நாளை யாரும் படம் எடுத்து அனுப்பமாட்டார்கள். பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது, ஆனால் வருடம் முழுவதும் சாப்பாடு இதன்மேல்தான் நிற்கிறது.

மாசியில் எடுத்த உளுந்தும் பாசிப்பயறும் மூட்டையில் இருக்கும். அவற்றை மறுபடி ஒரு முழு நாள் மெல்லிய படுகையாக விரித்து வெயிலில் வையுங்கள். நான்கு விதைகளை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பல்லில் டக்கென்று உடைந்தால் போதும். பல் பதிந்தால் நாளையும் வெயில் வேண்டும். மாலை உடனே மூட்டை கட்டாதீர்கள். சூடாக அடைத்தால் இரவு குளிரும்போது பானைக்குள்ளேயே வியர்க்கும். ஆறிய பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் பங்கு, முழுப் பயறாகச் சாப்பிட. வீசைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி நிலக்கடலை எண்ணெய் விட்டு, ஒவ்வொரு விதையிலும் படும்படி இரு கைகளாலும் நன்றாகப் புரட்டுங்கள். பயறு வண்டு விதையின் மேல் முட்டை ஒட்டும், எண்ணெய் பூசிய விதையில் அந்த முட்டை பொரிப்பதில்லை. இரண்டாம் பங்கு, உடைத்துப் பருப்பாக. திருகையில் உடைத்து, தோலைப் புடைத்தெடுத்துவிடுங்கள். உடைத்த பருப்பில் வண்டு எளிதில் பெருகாது, ஆகவே மழைக்காலக் கடைசிக்கு இதை வையுங்கள். தோல் மாட்டுக்கும் கோழிக்கும். மூன்றாம் பங்கு, விதைக்கு. இதில் எண்ணெய் வேண்டாம். அடுப்புச் சாம்பலைச் சலித்து, விதைக்குச் சம அளவு கலந்து, பானையில் கொட்டி, மேலே மூன்று விரல் கனம் சாம்பலைப் பரப்புங்கள். இந்த வாரம் அண்டாவுக்கு எரித்த விறகின் சாம்பலே இதற்குச் சரியாக இருக்கும்.

புளியைக் கொட்டை நீக்கி, நார் எடுத்து, உப்புத் தொட்டு உருண்டையாக்கி, பகல் முழுவதும் வெயில் காட்டி அடைத்துவிடுங்கள்.

பிறகு பானைகளின் வாயைக் கட்டவேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. துணி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், கயிறு, அதன்மேல் சாணமும் களிமண்ணும் குழைத்த பூச்சு. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் வந்தபோது எங்கள் கூரையில் ஒரு கீற்று மிஞ்சவில்லை. விடிய விடிய மழை வீட்டுக்குள்ளேயே பெய்தது. மூட்டையில் இருந்த அரிசி ஊறி இரண்டாம் நாளே முளைவாடை அடித்தது. மாமியார் வாய் பூசி வைத்திருந்த ஐந்து பானைகள் மட்டும் சேற்றுக்கு நடுவே அப்படியே நின்றன. மேல்பூச்சு கரைந்து வழிந்திருந்தது, ஆனால் தாளுக்குக் கீழே துணி காய்ந்தே இருந்தது. உளுந்து, புளி, வடகம், கருவாடு. பக்கத்து மூன்று வீடுகளுக்கும் சேர்த்து, சாலை திறக்கும்வரை அதைத்தான் கஞ்சியில் போட்டோம். அந்த வீடுகளில் இரண்டு பர்மியக் குடும்பங்கள். இன்றும் வியாழனன்று அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து பானை வாய் பூச உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வெள்ளி: கோயில், அதன்பின் டோஃபு

வெள்ளிக்கிழமை வெளி வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டிகளில் இருப்பதைத் திருப்பிப்போட்டு, வீட்டைக் கழுவி, மாலை கோயிலுக்குப் போய்வரவே நேரம் சரியாக இருக்கும். காலையில் கடலை மாவு டோஃபு மட்டும் செய்துவையுங்கள். கிழக்கு மலைநாட்டு ஷான் மக்களிடமிருந்து நாடு முழுவதும் பரவிய பண்டம் இது. சோயா கிடையாது, பால் கிடையாது, நம் வெள்ளிக்கிழமைச் சமையலுக்கென்றே அமைந்தது போல இருக்கும்.

ஒரு டப்பா மாவுக்கு மூன்று டப்பா தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பிறகு நடுத்தரத் தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். முதலில் ஒன்றும் ஆகாதது போலிருக்கும், திடீரென்று கெட்டியாகத் தொடங்கும். அப்போது நிறுத்திவிடாதீர்கள். இன்னும் பத்து நிமிடம், மாவின் பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரும்வரை கிண்டவேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஆறவிட்டால் மாலைக்குள் கத்தியில் வெட்டும் பதம் வந்துவிடும். புளிக்கரைசல், வறுத்த மிளகாய், பொரித்த பூண்டு, கொத்தமல்லி போட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். மிஞ்சியதை மெல்லிய வில்லைகளாகச் சீவி, கூழ்வடகம் எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் அதுவும் அப்பளம் போலக் காய்ந்துவிடும். தட்டியை ஒரு பகல்கூடக் காலியாக விடாதீர்கள்.

சனி: விரால்

உத்திரத்துக்குக் காப்புக் கட்டியிருக்கும் வீடுகள் இந்த நாளைத் தள்ளிப்போடலாம். மற்றவர்களுக்கு, குளத்து நீர் முழங்காலுக்கு இறங்கும் நாள்கள் இவை. நாலைந்து வீடுகள் சேர்ந்து சேற்றைக் கலக்கி மீன் பிடிப்போம். சின்னதை விட்டுவிடுங்கள், மழையில் அதுதான் குளத்தை நிரப்பும்.

விராலைச் செதிள் எடுத்து, வயிற்றுப்பக்கம் கீறாமல் முதுகுவழியாகப் பிளந்து, முள்ளோடு புத்தகம் போல விரியுங்கள். குடலும் செவுளும் துளி இல்லாமல் போகவேண்டும். வீசைக்கு 25 கியாத்தா உப்பு, சதையின் ஒவ்வொரு மடிப்பிலும் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் கல் அழுத்தி வையுங்கள். ஞாயிறு காலை அலசி, மூங்கில் குச்சி குறுக்கே கொடுத்து, வடகத் தட்டிகளிலிருந்து காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடத்தில் உயரமாகத் தொங்கவிடுங்கள். அடியில் தேங்காய் மட்டையைப் புகையவிட்டால் ஈ வராது. மூன்று நான்கு நாள் வெயில் வேண்டும். கெளிற்றை உப்பிடவேண்டாம், அது மறுநாள் மொகிங்கா என்னும் பர்மிய மீன்குழம்புச் சேமியாவுக்கு.

ஞாயிறு: கூரை, குழி, மொகிங்கா

வாரம் முழுவதும் கைகொடுத்தவர்களுக்கு ஞாயிறு காலைச் சாப்பாடு போடவேண்டும். கெளிற்றை எலுமிச்சைப்புல், இஞ்சி, மஞ்சளோடு வேகவைத்து முள் எடுத்து, வெங்காயம் பூண்டோடு வதக்கி, வறுத்த அரிசி மாவும் கடலை மாவும் கரைத்த குழம்பில் விட்டு, கொல்லை வாழைத்தண்டை வட்டமாக நறுக்கிப் போடுங்கள். தண்டு பல்லில் நறுக்கென்று இருக்கும்போதே இறக்கவேண்டும். அரிசிச் சேமியாவின்மேல் ஊற்றி, நம் வடகத்தைப் பொரித்து நொறுக்கிப் போட்டால் எங்கள் தெருவில் பர்மியர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

சாப்பிட்ட கையோடு ஆண்கள் கூரைக்கு ஏறட்டும். இங்கே தனி என்று சொல்லும் நீர்ப்பனையின் கீற்று மக்கியிருந்தால் இப்போதே மாற்றுங்கள், மழை நெருங்க நெருங்கக் கீற்றின் விலை ஏறும். தகரக் கூரை உள்ளவர்கள் விளிம்பில் மூங்கில் பீலி கட்டி, அடியில் ஜாடி வையுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 28 சதுர மீட்டர் தகரத்தில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 280 லிட்டர் வந்துவிடும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து பிடியுங்கள்.

விறகை அடுக்கி மூடுங்கள். மாட்டுச் சாணம், வெங்காயத் தோல், மீன் கழிவு, வைக்கோல் எல்லாம் எருக்குழிக்கு. மீன் கழிவின்மேல் ஒரு சாண் வைக்கோலும் மண்ணும் இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். குழி ஓரத்தில் பூசணியும் புடலையும் ஊன்ற இடம் விட்டுவையுங்கள். அடைகாக்க உட்கார்ந்த கோழி இருந்தால் பத்து முட்டை வைத்துவிடுங்கள், 21 நாளில் பொரித்து மழைக்கு முன் குஞ்சு இறகு பிடித்துவிடும்.

அடுத்த வாரம் மீதியிருப்பது கொஞ்சம்தான். வெங்காய வடகத்தைப் பத்தாம் நாள்வரை காலை மாலை எடுத்துப் போடவேண்டும். மிளகாய் மோர் வற்றியதும் பானைக்குப் போகும். கருவாட்டின் முதுகுச் சதையை அழுத்திப் பார்த்து, விரல் பதியாவிட்டால் இறக்கிவிடலாம். மாவடு ஜாடியை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். சித்திரைப் பிறப்பன்று காலை, பிள்ளைகள் தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடிவிட்டு நனைந்துபோய்ப் பசியோடு வருவார்கள். பழைய சோற்றில் மோர் ஊற்றி வைத்துவிட்டு, அவர்கள் முன்னால் ஜாடியின் வாயை அவிழுங்கள்.